காது சொல்வதைக் கண்ணுக்குச் சொல்லும் குட்டி விளக்கு! - மேனுவல் காரில் ஷிஃப்ட் லைட் பொருத்துவது எப்படி?

காலை எட்டரை மணி. சென்னை - திருவள்ளூர் நெடுஞ்சாலையில், ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. கம்பெனி பஸ், தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, இவற்றுக்கு நடுவில் கார்கள். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடியும் முதல் கியர். தொழிற்பேட்டை போய்ச் சேருவதற்குள் கை நூறு முறையாவது கியர் ராடைத் தொட்டுவிடும்.

இந்த வேலையை யாரும் யோசித்துச் செய்வதில்லை. இன்ஜின் இரைந்தால் கியரை ஏற்று, முனகினால் கியரை இறக்கு. டிரைவிங் ஸ்கூலில் எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும், கியர் விஷயத்தில் கடைசி வரை நமக்கு வாத்தியார் நம் காதுதான்.

அந்தக் காது கேட்காவிட்டால்?

அந்தக் கேள்விக்கான பதில்களில் ஒன்று, ரேஸ் டிராக்கிலிருந்து வந்த ஒரு சின்ன விளக்கு. அதன் பெயர் ஷிஃப்ட் லைட். 'கியரை மாற்று' என்று கண்ணுக்குச் சொல்லும் கருவி. அதைச் சொந்தக் காரில் எப்படிப் பொருத்துவது, யாருக்கு அது உண்மையில் பயன்படும், எங்கே ஏமாந்துபோவோம்... பார்க்கலாம்.

ஷிஃப்ட் லைட் என்றால் என்ன?

இன்ஜின் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதைக் காட்டுவது டேக்கோமீட்டர். அந்த எண்ணிக்கையைத்தான் ஆர்.பி.எம் என்கிறோம். நீங்கள் முன்கூட்டியே குறித்து வைத்த ஆர்.பி.எம்மை இன்ஜின் தொட்டதும் பளிச்சென்று எரிவது ஷிஃப்ட் லைட். சில கேஜ்களில் ஒரே ஒரு விளக்கு இருக்கும். சிலவற்றில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக எரியும். டேக்கோமீட்டரும் விளக்கும் ஒன்றாகச் சேர்ந்தவையும் உண்டு.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஓட்டிய தலைமுறைக்கு டேக்கோமீட்டரே தெரியாது. ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் முள் - அவ்வளவுதான் டாஷ்போர்டு. இன்றைய மேனுவல் கார்கள் பலவற்றில் டிஸ்ப்ளேயில் சின்னதாக ஒரு மேல்நோக்கிய அம்புக்குறி வருகிறதே, அது கியர் ஷிஃப்ட் இண்டிகேட்டர். ஷிஃப்ட் லைட்டின் சாதுவான தம்பி என்று சொல்லலாம். பெட்ரோலை மிச்சப்படுத்த வந்தது அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து விற்பனைக்கு வரும் புதிய மேனுவல் கார்களில் அது கட்டாயமாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த அம்புக்குறி சிறியது, மங்கலானது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஷிஃப்ட் லைட் அப்படியல்ல. சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணில் படும்.

சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு...

ரேஸில் ஓட்டுநருக்கு மீட்டரைக் குனிந்து பார்க்க நேரமில்லை. ஹெல்மெட்டுக்குள் பக்கத்து காரின் சத்தமும் தன் காரின் சத்தமும் கலந்துவிடும். எது நம் இன்ஜின் என்று காதால் பிரிக்க முடியாது. அதனால்தான் கண்ணுக்கு நேரே ஒரு விளக்கு.

சென்னையின் மேற்கு, வடமேற்குப் புறநகர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. பிறகு பந்தயம் பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே இருக்கும் 3.7 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் ஓடாத இந்திய ரேஸ் வீரர்கள் குறைவு. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஃபார்முலா 4 பந்தயம் நடந்தபோது, ஸ்டியரிங்கில் வரிசையாக விளக்குகள் மின்னுவதைச் சென்னை மக்கள் பலர் முதல்முறையாகப் பார்த்திருப்பார்கள். அது ஷிஃப்ட் லைட்தான்.

ஆனால் ஆவடியிலிருந்து அலுவலகம் போகிறவருக்கு அது எதற்கு? நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை என்பதே நேர்மையான பதில். அழகுக்காக மாட்டுபவர்களே அதிகம். ஆனால் அலங்காரமாக இல்லாமல், உண்மையிலேயே உதவியாக இருக்கக்கூடிய சிலர் இருக்கிறார்கள்.

கண்ணால் ஓட்டுகிறவர்கள்

காது கேளாதவர்களுக்கு இந்தியாவில் ஓட்டுநர் உரிமம் கிடைப்பது நெடுங்காலம் குதிரைக்கொம்பாக இருந்தது. 'பொதுமக்களுக்கு ஆபத்து' என்ற ஒற்றைக் காரணம் போதுமானதாக இருந்தது. காது கேளாதோர் தேசிய சங்கம் தொடர்ந்த வழக்கில், ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற்றால் உரிமம் தர வேண்டும் என்று 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டியது. 2016-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகமும், கார் ஓட்டுவது முக்கியமாகக் கண் சார்ந்த வேலை என்பதை ஏற்று, அவர்களுக்கு உரிமம் வழங்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

சட்டம் வழிவிட்டது. ஆனால் மேனுவல் காரின் இன்ஜின் இன்னும் சத்தத்தால்தான் பேசுகிறது.

காது கேளாத பல ஓட்டுநர்கள் அதை உடம்பால் கேட்கிறார்கள். சீட்டில், ஆக்சிலரேட்டரில், கியர் ராடின் உச்சியில் தெரியும் அதிர்வுதான் அவர்களுக்கு ஒலி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. 2,000 ஆர்.பி.எம்மில் என்றால் நிமிடத்துக்கு 4,000 முறை, அதாவது விநாடிக்குச் சுமார் 67 துடிப்புகள். உள்ளங்கையில் நன்றாகவே தெரியும் அதிர்வு இது. கருவி எதுவும் இல்லாமலே அருமையாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

சிக்கல், புதிதாகக் கற்கும்போது வருகிறது. அதிர்வைப் படிக்கக் கை பழகும்வரை முதல் கியரிலேயே இன்ஜின் அலறுவதும், மூன்றாவது கியரில் வண்டி திணறி நிற்பதும் நடக்கும். பக்கத்தில் இருப்பவர் பதறிக் கையை ஆட்டுவார். அந்தப் பதற்றத்திலேயே 'இது நமக்கு வராது' என்று பாதியில் விட்டுவிடும் ஆபத்து உண்டு. அந்த இடத்தில் ஒரு விளக்கு இருந்தால், பக்கத்தில் இருப்பவர் எதுவும் சொல்லத் தேவையில்லை. விளக்கு எரிந்தால் கியர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு கூட்டமும் உண்டு. வயது ஏற ஏறக் காது மந்தமாகிறவர்கள், வருடக்கணக்கில் பிரஸ் ஷாப்பிலும் ஃபோர்ஜிங்கிலும் வேலை பார்த்தவர்கள். அம்பத்தூர், பாடி, ஆவடிப் பக்கத்து வீடுகளில் இப்படி ஒருவரையாவது பார்க்கலாம். இரைச்சலால் வரும் காது கேளாமையை 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமே தொழில்சார் நோயாகப் பட்டியலிட்டது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதே அந்தச் சட்டத்தின் விதிகள் வகுத்த எல்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரைச்சலால் காது பாதிக்கப்படும்போது முதலில் போவது கூர்மையான, மெல்லிய ஒலிகள். பேரக்குழந்தையின் பேச்சு, காலிங்பெல் போன்றவை. இன்ஜினின் அடித்தொனி பிறகுதான் மங்கும். அதனால் 'இன்ஜின் சத்தமே சரியாகக் கேட்க மாட்டேங்குது' என்று அப்பா சொன்னால், முதலில் போக வேண்டிய இடம் ஆக்சசரீஸ் கடை அல்ல, காது பரிசோதனை. இ.எஸ்.ஐ அட்டை இருப்பவர்கள் அங்கேயே காட்டலாம். விளக்கைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

'கியர் தொல்லையே இல்லாத ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டால்?' வாங்கலாம். 2014-ல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி வந்தபிறகு அது நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் விஷயமாகிவிட்டது. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மேனுவல் காரை விற்றுவிட்டுப் புதிது வாங்குவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல.

விளக்குக்கு யார் தகவல் சொல்வது?

ஷிஃப்ட் லைட் மாட்டுவதில் பாதி வேலை, இன்ஜின் வேகத்தை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று கண்டுபிடிப்பதுதான். காருக்குக் கார் இது மாறும்.

பழைய பெட்ரோல் கார்கள்: கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து சிக்னல் எடுப்பார்கள். ஸ்பார்க் வரும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு துடிப்பு. கவனம், அந்தத் துடிப்பு சில நூறு வோல்ட் வரை எகிறும். அதைத் தாங்கும்படி செய்யப்பட்ட கேஜைத்தான் அங்கே இணைக்க வேண்டும்.

இ.சி.யூ உள்ள பெட்ரோல் கார்கள்: சில மாடல்களில் இ.சி.யூவிலிருந்து டேக்கோமீட்டருக்கென்றே தனி வயர் வரும். சுத்தமான சிக்னல். அந்த காரின் வயரிங் டயகிராம் இல்லாமல் அதைத் தேடக் கூடாது.

டீசல் கார்கள்: டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது, காயிலும் கிடையாது. பழைய டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் 'டபிள்யூ' முனை கைகொடுக்கும். பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961-லிருந்து இருக்கிறது. ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அதனால் இந்தப் பகுதியில் ஆல்டர்னேட்டரைத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லா ஆல்டர்னேட்டரிலும் 'டபிள்யூ' முனை இருக்காது. இருந்தாலும், புல்லியின் அளவைப் பொறுத்து கேஜில் கணக்கைத் திருத்த வேண்டும்.

புதிய கார்கள்: ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி சாக்கெட் இருக்கும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் செருகுகிறார்களே, அதுதான். இதில் செருகும் டிஸ்ப்ளேக்களில் ஷிஃப்ட் லைட் வசதியும் வருகிறது. ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். குடும்ப காருக்கு இதுவே முதல் சாய்ஸாக இருக்கட்டும். குறை என்னவென்றால், தகவல் இம்மி தாமதமாக வரும். ரேஸுக்கு அது பிரச்னை, அம்பத்தூர் ஓ.டி சிக்னலுக்கு அல்ல. இன்னொன்று, ஓ.பி.டி சாக்கெட்டின் 16-வது பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருக்கும். தானாகத் தூங்கிவிடாத மலிவு டிஸ்ப்ளேயைச் செருகி, ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

மூன்று சிலிண்டர் பொறி!

வயர் மூலம் சிக்னல் எடுக்கும் கேஜ்களில் பலர் வழுக்கி விழும் இடம் இது. கேஜின் பின்னால் சின்ன சுவிட்ச் இருக்கும், அல்லது மெனுவில் கேட்கும்: '4 சிலிண்டரா, 6 சிலிண்டரா, 8 சிலிண்டரா?'

நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு தரும். மூன்று சிலிண்டர் இன்ஜின் தருவது ஒன்றரை. நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் ஏராளமானவை மூன்று சிலிண்டர். ஒரே பெயர் என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. 2024-ல் வந்த புதிய ஸ்விஃப்ட் மூன்று சிலிண்டர், அதற்கு முந்தைய பெட்ரோல் ஸ்விஃப்ட் நான்கு.

மூன்று சிலிண்டர் காரில் மாட்டிவிட்டு, கேஜை நான்கிலேயே விட்டால் என்ன ஆகும்? உண்மையான வேகத்தில் முக்கால் பங்கைத்தான் அது காட்டும். இன்ஜின் 4,000-ல் சுற்றும்போது கேஜ் 3,000 என்று சொல்லும். நீங்கள் 5,000-க்கு விளக்கை வைத்திருந்தால், அது எரியும்போது இன்ஜின் உண்மையில் கிட்டத்தட்ட 6,700-ல் இருக்கும். காப்பாற்ற வைத்த விளக்கே இன்ஜினைச் சிவப்புக் கோட்டுக்கு மேல் தள்ளிவிடும்.

ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள கார்களில் இன்னொரு குழப்பம் உண்டு. ஒரு காயிலிலிருந்து மட்டும் சிக்னல் எடுத்தால், பெரும்பாலும் இரண்டு சுற்றுக்கு ஒரு துடிப்புதான் வரும். கேஜ் கால் பங்கு காட்டும், விளக்கு எரியவே எரியாது. 'கேஜ் டூப்ளிகேட்' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

பொருத்துவது எப்படி?

வயர் இணைக்கும் கேஜ் என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பது நல்லது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. வாரன்டி காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். கம்பெனி வயரிங்கை வெட்டினால், மின்சாரப் பகுதிகளுக்கான வாரன்டி கோரிக்கையை அவர்கள் மறுக்க இடமாகிவிடும். வாரன்டியில் இருக்கும் காருக்கு ஓ.பி.டி வகையே சரி.

2. இன்ஜினை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் உடனே டாஷ்போர்டில் கை வைக்காமல் சில நிமிடங்கள் விட வேண்டும். ஏர்பேக் சர்க்யூட்டில் தேங்கிய மின்சாரம் இறங்க அந்த நேரம் தேவை. மஞ்சள் நிற வயர், மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்குடையது. தொடவே கூடாது.

3. கேஜிலிருந்து பொதுவாக நான்கு வயர்கள் வரும். சாவியைத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் இடத்துக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, இன்ஜின் வேக சிக்னலுக்கு ஒன்று, இரவில் வெளிச்சம் குறைய பார்க்கிங் லைட் வயருக்கு ஒன்று. நிறத்தை நம்பாமல், கேஜுடன் வந்த குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும்.

4. மின்சாரத்தை ஃபியூஸ் பாக்ஸிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்து எடுக்க வேண்டும். குறிப்பேட்டில் சொன்ன ஆம்பியர்தான். 'இருக்கட்டுமே' என்று பெரிய ஃபியூஸ் போட்டால், ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

5. எர்த்தைப் பெயின்ட் மேல் திருகாமல், வெறும் உலோகம் தெரியும் போல்ட்டில் இறுக்க வேண்டும். முள் ஆடுவது, விளக்கு தேவையில்லாமல் மினுக்குவது போன்ற புகார்கள் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தைத்தான்.

6. இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் சிக்னல் வயரை, ஏற்கெனவே இருக்கும் ரப்பர் புஷ் வழியாகவே கொண்டுவர வேண்டும். தகட்டின் ஓரத்தில் உரசினால் ஒருநாள் அறுந்து ஷார்ட் ஆகும். ஸ்டியரிங் ராடு, கிளட்ச், பிரேக் பெடல் பக்கம் வயர் தொங்கவே கூடாது.

7. இணைப்புகளை முறுக்கி டேப் ஒட்டி விடாமல், கிரிம்ப் செய்து அல்லது சால்டர் வைத்து, அதன் மேல் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். சென்னை வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை உருகி, ஒரே கோடையில் கழன்றுவிடும்.

8. இணைப்புகள் எதுவும் காரின் தரையோடு இருக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மிதியடிக்குக் கீழே இருக்கும் இணைப்பு ஒருமுறை நனைந்தால், அரிப்பு மெதுவாக ஆரம்பித்து, மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

9. பேட்டரியை மாட்டி, சிலிண்டர் எண்ணிக்கையைச் சரியாக வைத்து, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். காரிலேயே டேக்கோமீட்டர் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஓ.பி.டி ஸ்கேனரோடு ஒப்பிடலாம். இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் புகை ஆளையே சாய்த்துவிடும்.

எந்த எண்ணுக்கு வைப்பது?

ரேஸ் ஓட்டுநர் சிவப்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வைப்பார். அதிலும் ஒரு கணக்கு உண்டு. விளக்கைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் கிளட்ச்சை மிதிப்பதற்குள் அரை விநாடி போய்விடும் என்று வையுங்கள். முதல் கியரில் இன்ஜின் விநாடிக்கு 2,000 ஆர்.பி.எம் ஏறுகிறது என்றால், அந்த அரை விநாடியில் 1,000 கூடிவிடும். 6,000-ல் மாற்ற நினைப்பவர் 5,000-க்கே விளக்கை வைக்க வேண்டும்.

வீட்டு காருக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். சமதளச் சாலையில் நிதானமாகப் போகும்போது, பெட்ரோல் காருக்கு 2,000 முதல் 2,500-க்குள், டீசல் காருக்கு 2,000-ஐ ஒட்டி கியரை ஏற்றுவது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. காருடன் வந்த கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. கற்றுக்கொள்பவருக்கு விளக்கை 2,500-ல் வைத்துவிட்டால் போதும்.

ஆனால் விளக்கு ஏற்ற இறக்கம் அறியாது. ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது, பாடி மேம்பாலம் ஏறுகிறீர்கள். அப்போதும் அது 2,500-ல் எரியும். அங்கே கியரை ஏற்றினால் வண்டி திணறும். அந்த நேரத்தில் விளக்கு எரியட்டும் என்று விட்டுவிட்டு, மேலே ஏறிய பிறகு மாற்றுவதே சரி.

விளக்கால் முடியாத இன்னொரு காரியமும் இருக்கிறது. கியரை இறக்கும்போது நடக்கும் தவறை அது தடுக்காது. ஐந்தாவதிலிருந்து நான்குக்குப் பதில் இரண்டில் போட்டுவிட்டால், சக்கரமே இன்ஜினை இழுத்துச் சுற்றும். காரில் இருக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், அந்தச் சுழற்சியை நிறுத்தாது. விளக்கு எரிவதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

எங்கே வைக்கக் கூடாது?

கண் பார்வைக் கோட்டுக்கு அருகில், ஆனால் சாலையை மறைக்காத இடத்தில் இருக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர் கவசத்தின் மேல் ஓரம் பெரும்பாலும் பொருந்தும்.

பயணி பக்கத்து டாஷ்போர்டின் மேல் வைக்கவே வேண்டாம். அங்கே ஏர்பேக் இருந்தால், விபத்தில் அந்த கேஜ் கல் மாதிரி முகத்தை நோக்கிப் பறந்து வரும். கண்ணாடியை ஒட்டிய தூணில் கேஜ் வைப்பது பார்க்க ஸ்டைலாக இருக்கலாம். ஆனால் கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் அந்தத் தூணும் ஆகாது.

வெறும் இரட்டைப்பக்க டேப்பை நம்ப வேண்டாம். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டலாம். பாதி வழியில் கேஜ் கழன்று பிரேக் பெடலுக்குக் கீழே உருண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். திருகாணி வைத்த பிராக்கெட்தான் பாதுகாப்பு. இரவில் கண் கூசாத அளவுக்கு வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள்.

போலீஸ், ஆர்.டி.ஓ என்ன சொல்வார்கள்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. உள்ளே ஒரு கேஜ் மாட்டுவதால் ஆர்.சியில் எந்த விவரமும் மாறுவதில்லை. ஆனால் வெளியே தெரியும்படி சிவப்பு, நீல விளக்குகள் மின்னினால் டிராஃபிக் போலீஸ் நிறுத்தத்தான் செய்வார்.

முக்கியமான விஷயம், விளக்கை மாட்டியதும் 'டெஸ்ட்' செய்ய வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குக் கிளம்புவது. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது அதே சட்டத்தின் 189-வது பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். வேகம் வேண்டும் என்றால் அதற்கென்றே இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. வெளிவட்டச் சாலையில் பின்னால் வருவது யாருடைய அப்பாவின் மொபெட் என்று யாருக்கும் தெரியாது.

விளக்கு அணையும் நாள்

ஷிஃப்ட் லைட் வைத்துப் பழகுகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. முதல் சில வாரங்கள் விளக்கைப் பார்த்தே கியரை மாற்றுங்கள். ஒவ்வொரு முறை அது எரியும்போதும் கை, கால், முதுகு மூன்றும் என்ன உணர்கின்றன என்று கவனியுங்கள். பிறகு ஒருநாள், விளக்கு எரிவதற்கு ஒரு நொடி முன்பே கை கியர் ராடுக்குப் போயிருக்கும். அன்று நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

காது கேட்பவருக்கு அந்த நாள் கொஞ்சம் சீக்கிரம் வரும். கேட்காதவருக்குச் சில வாரங்கள் கூடுதலாகலாம். பூந்தமல்லி ஆர்.டி.ஓ அலுவலகத்திலோ அம்பத்தூர் ஆர்.டி.ஓ அலுவலகத்திலோ உரிமத்துக்காக ஓட்டிக் காட்டும்போது, இரண்டு பேருக்கும் ஒரே பாதை, ஒரே தேர்வுதான்.